கன்டெய்னர் லாரி பில்லில் இந்தக் கட்டணங்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

இறக்குமதி செய்பவர்கள் ஏமாறும் பில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. பேசிய வாடகைக்குக் கீழே டெமரேஜ் 2 நாள், டிடென்ஷன் 3 நாள், ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கு) 2 நாள், சேஸிஸ் (பெட்டியை ஏற்றும் டிரெய்லர்) வாடகை 5 நாள், ஓவர்வெயிட். ரசீது ஒன்றும் இணைத்திருக்காது.

டெமரேஜ் என்பது லோடு பெட்டி துறைமுகத்துக்குள் ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாத நாட்கள்) தாண்டிக் கிடந்ததற்கு. அதைக் கட்டினால்தான் பொதுவாகப் பெட்டியே வெளியே வரும், ஆகவே சுங்க வேலையை முடித்துத் தரும் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் ஏற்கெனவே கட்டியிருக்கலாம். லாரிக்காரர் பில்லிலும் அது வந்தால் மூல ரசீதைக் கேளுங்கள். அதிலுள்ள கன்டெய்னர் எண்ணை, 4 எழுத்து 7 இலக்கம், ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறு பெட்டியின் ரசீதை நகலெடுத்துச் செருகுவதும் நடக்கிறது.

பெரிய அடி டிடென்ஷனில்தான். வெளியே வந்த பெட்டியை காலியாகத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் ஷிப்பிங் லைன் (கப்பல் நிறுவனம்) போடுவது இது. 10-ஆம் தேதி கேட் அவுட் (பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியேறியது), ஃப்ரீ டேஸ் 5, வெளியே வந்த நாளும் சேர்த்தி என்று வையுங்கள். 14-ஆம் தேதியோடு முடிந்தது. 16-ஆம் தேதி எம்டி (காலிப் பெட்டி) யார்டில் ஒப்படைத்தால் மீறியது 2 நாள், பில்லில் 3. அந்த 2 நாளும் யார் தவறு? 11-ஆம் தேதி மதியமே சரக்கை இறக்கிவிட்டீர்கள் என்றால், அதற்குப் பிறகு பெட்டி லாரிக்காரர் கையில்தான் இருந்தது. "யார்டில் எம்டி எடுக்கவில்லை" என்பார். எடுக்கவில்லை என்றால் அன்றே லைனுக்கு மெயில் போயிருக்க வேண்டும். அது இல்லாமல் அந்தக் காரணத்தை ஏற்காதீர்கள்.

ஹால்டிங்குக்கு ஆதாரம் உங்கள் கிடங்கு வாசலிலேயே உருவாக வேண்டும். வண்டி வந்த நேரம், கதவு திறந்த நேரம், காலியான நேரம், வெளியேறிய நேரம், நான்கையும் சலானில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, அங்கேயே படம் எடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாததால்தான் அநியாயமாகப் பணம் போகிறது.

டிரெய்லர் அவருடையதே என்றால் சேஸிஸ் வாடகை தனியாக வரக்கூடாது, முன்பே பேசியிருந்தால் தவிர. ஓவர்வெயிட்டுக்கு வண்டி எண் போட்ட எடைமேடைச் சீட்டு வேண்டும். பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் டேர் எடையை, அதாவது காலிப் பெட்டியின் எடையை (40 அடிக்கு ஏறக்குறைய 3.8 டன்), சரக்கு எடையோடும் காலி வண்டி எடையோடும் கூட்டிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொய் தெரிந்துவிடும்.

புக்கிங்கின்போதே எழுத்தில் வாங்க வேண்டியவை: இறக்க எத்தனை மணி நேரம் இலவசம், அது வாசலுக்கு வந்ததிலிருந்தா உள்ளே நிறுத்தியதிலிருந்தா, ஃப்ரீ டேஸில் விடுமுறை சேருமா, எம்டியை எங்கே யார் விடுவது.

தகராறு வந்தால் முழுப் பில்லையும் நிறுத்தாதீர்கள், அடுத்த பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வாடகையையும் ரசீது உள்ளவற்றையும் உடனே கட்டிவிட்டு, மீதி ஒவ்வொரு கட்டணத்துக்கும் எதிராக என்ன ஆதாரம் வேண்டும் என்று மெயிலில் எழுதிவிடுங்கள்.