வீட்டுச் செயல்திட்டமா, வகுப்பறைச் செயல்திட்டமா?

"திங்கட்கிழமை செயல்திட்டம் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினால் தெர்மாகோல் வீடும் பளபள சார்ட்டும் வந்து சேரும். ஆசிரியருக்கு ஒரு பீரியடும் செலவாகாது. அதன் பலம் அவ்வளவே. வெட்டியதும் ஒட்டியதும் பெரும்பாலும் அம்மாதான். காசில்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு தலைகுனிந்து நிற்கும்.

வகுப்பிலேயே செய்ய 5 பீரியட் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் 40 பேர் என்றால் ஐந்தைந்து பேராக 8 குழு. கேள்வி ஒன்றே: நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகிறது? ஒழுகும் குழாயின் கீழ் அளவுஜாடியை 10 நிமிடம் வைக்கட்டும். 50 மில்லி சேர்ந்தால் மணிக்கு 300 மில்லி, நாளுக்கு 7.2 லிட்டர். அந்தப் பெருக்கலைத் தானே போட்ட பிள்ளை, வாஷர் மாற்றச் சொல்லித் தலைமையாசிரியருக்குக் கடிதமும் எழுதும். கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றும் அங்கே கூடிவிடும்.

சிக்கல் வருவது வேலை பிரிக்காத குழுவில். இருவர் ஓடியாடுவார்கள், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். அளப்பவர், நேரம் பார்ப்பவர், குறிப்பவர், கணக்கிடுபவர், எடுத்துச் சொல்பவர் என முதல் நாளே பெயர் எழுதிவிடுங்கள். பீரியடுக்குப் பீரியட் மாற்றுங்கள். மதிப்பெண்ணில் பாதி அவரவர் நோட்டுக்கு.

பாடம் முடியாதே என்ற கவலை நியாயமானது. பருவத்துக்கு ஒன்று போதும். வீட்டுக்குக் கொடுத்தே தீரவேண்டுமென்றால், காசு செலவில்லாததாகக் கொடுங்கள்: ஒரு வார மின்மீட்டர் அளவு, பாட்டியிடம் கேட்ட நெல் வகைகள்.