காரைக்கால்ல ஒரு பில்ஸ்னர்

பிராக்ல இருந்து லீவுக்கு மாயவரம் வந்தா காபிக்கும் மீன் குழம்புக்கும் குறையே கிடையாது, நல்ல பீருக்குத்தான் திண்டாட்டம். தமிழ்நாட்டுல மைக்ரோப்ரூவரி, அதாவது அங்கேயே சின்ன அளவுல பீர் காய்ச்சி ஊத்துற கடை, கிடையாது, டாஸ்மாக்ல கேட்டா போதை தூக்கலான ஸ்ட்ராங் பீரத்தான் எடுத்து நீட்டுவாங்க. அதனால திருநள்ளாறுக்குன்னு வீட்ல சொல்லிட்டு டிரைவர் போட்டு மாமா பையனோட காரைக்கால் போனேன், சனிக்கிழமைங்கிறதால யாருக்கும் சந்தேகம் வரல.

ஒரு ஏசி பார், பேரு வேணாம். ஃப்ரிட்ஜ்ல நம்ம நாட்டு சின்ன ப்ரூவரி ஒண்ணோட பில்ஸ்னர், அதான் வெளிர் மஞ்சள்ல கசப்பு தூக்கலா இருக்குற பீர் வகை, ஒரு பாட்டில் இருந்துச்சு. சப்ளையர் தம்பி ஃப்ரீசர்ல வச்சு வெள்ளையா பூத்துப்போன கிளாஸ கொண்டாந்து, அத நல்லா சாய்ச்சு ஒரு பொட்டு நுரை வராம ஊத்த ஆரம்பிச்சாப்ல. "தம்பி, ஐஸ் கிளாஸ் வேணாம், சாதா கிளாஸ தண்ணில அலசி அப்படியே கொண்டாங்க, நுரை வர்ற மாதிரி ஊத்துங்க"ன்னேன். "நுரை விட்டா அளவு கொறையுதுன்னு சண்டைக்கு வருவாங்க சார்"னு சிரிச்சாப்ல. ஆனா சொன்ன மாதிரியே நேரா ஊத்தி, கொஞ்சம் அடங்க விட்டு, மறுபடி ஊத்துனாப்ல பாருங்க, மூணு விரக்கடை நுரை! பிராக்ல இப்படித்தான் தருவாங்க, நுரை மூடி இருந்தாதான் வாசம் உள்ள நிக்கும், ரொம்ப சில்லுன்னு இருந்தா நாக்கு மரத்துப்போய் எந்த பீரும் ஒண்ணுதான்.

கலர் தெளிவான வைக்கோல் மஞ்சள். முதல் வாய்ல ரொட்டி ஓரம் மாதிரி மால்ட் (முளைகட்டி காயவச்ச தானியம்) ருசி, அப்புறம் பச்சைப்புல் வாசம், முழுங்குன பின்னாடி நாக்கோட ஓரத்துல நிக்கிற ஒரு சுத்தமான கசப்பு, அந்த கசப்புக்குத்தான் பில்ஸ்னரே. 1842ல, இப்போ செக் நாட்டுல இருக்குற பில்சன் ஊர்ல யோசப் க்ரோல் முதல்ல காய்ச்சினப்போ அந்த ஊரோட மென்மையான தண்ணியும் சாஸ்ங்கிற வகை ஹாப்ஸும் (பீருக்கு கசப்பும் வாசமும் குடுக்குற பூ) சேர்ந்துதான் இந்த ருசிய குடுத்துச்சு. நம்ம கடலோரத் தண்ணி உப்பு, இங்க யாராவது காய்ச்சணும்னா ஆர்ஓ போட்டுத்தான் ஆகணும். இது முழுக்க பார்லி மால்ட்னு லேபிள்ல போட்டிருந்துச்சு, கடையில கிடைக்கிற சாதா லாகர் பீர்ல பெரும்பாலும் அரிசியும் சேர்ப்பாங்க, நெல் விளையுற ஊர்ல உக்காந்துக்கிட்டு அரிசிய குறை சொல்லக்கூடாது, ஆனா பீரோட கனம் லேசாயிடும்.

ஒரு குறை, பாட்டில் பழசு, டேட் பார்த்தா மாசக்கணக்குல ஆயிருந்துச்சு, கடைசி மடக்குல லேசா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம். அது பார்காரங்க தப்பா டிஸ்ட்ரிபியூட்டர் தப்பான்னு தெரியல, யாரும் கேக்காத சரக்கு ஃப்ரிட்ஜ்ல தூங்கத்தானே செய்யும்.

மாமா பையன் ஒரு கிளாஸ் முடிச்சிட்டு "என்னத்தான், ஏறவே மாட்டேங்குது"ன்னு ஸ்ட்ராங்குக்கு போயிட்டான். நெத்திலி வறுவல் மொறுமொறுன்னு வந்துச்சு, அந்த எண்ணெய்க்கு இந்த கசப்பு அருமையான ஜோடி. மசால் கடலை வேணாம், காரம் ருசிய அடிச்சிடும்.

போறவங்க டேட் பார்த்து வாங்குங்க, அங்கேயே குடிச்சிட்டு வாங்க. நண்டலாறு தாண்டினா தமிழ்நாடு, செக்போஸ்ட்ல டிக்கிய திறக்கச் சொன்னா வம்பு.