குடியை நிறுத்த: தெரியாமல் மாத்திரையா, வீட்டாரும் சேர்ந்த சிகிச்சையா?

குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில், குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிடலாமா என்று சில வீடுகளில் யோசிக்கிறார்கள். அந்த வேதனை புரிகிறது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம், அப்புறம் விஷயம் தெரிந்தால் மனைவி போடும் சோற்றையே சந்தேகப்படுவார். (மருத்துவர் சொல்லி, அவரே சம்மதித்துச் சாப்பிடுவது வேறு.)

இன்னொரு வழி, வீட்டாரும் தங்களுக்கு உதவி தேடுவது. சென்னையில் 1980இல் தொடங்கிய டிடிகே குடிநோய் சிகிச்சை மையத்தில் குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. குடிக்கிறவர்களின் வீட்டார் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் அமைப்பு அல்-அனான்; 1951இல் அமெரிக்காவில் உருவானது. அதன் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, குடிக்கிறவர் வர மறுத்தாலும் மனைவி போகலாம். அவர் கடனை வீட்டார் அடைப்பது, அவருக்காக ஆபீசுக்குப் பொய் சொல்வது, பிள்ளைகளை வாய்மூடச் சொல்வது எல்லாம் அங்கே பேசித்தான் மெல்ல நிற்கும். நாளாகும், சரி. என் ஓட்டு இதற்குத்தான்.