ஹார்டிங் வீடு, மேரியன்: பிரசிடென்டை விடுங்க, பேப்பர்காரரைப் பார்க்க போங்க

அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் மேரியன்ல இருக்கற, முன்னாள் பிரசிடென்ட் வாரன் ஹார்டிங் வீட்டு டூர் போயிட்டு வந்தேன், கொலம்பஸ்ல இருந்து காரை எடுத்தா ஒரு மணி நேரம் தான். மோசமான பிரசிடென்ட் லிஸ்ட்ல எப்பவும் இருக்கற ஆளு, அவர் வீட்டுல போய் என்னத்த பார்க்கறதுனு நிறைய பேர் விட்டுடறாங்க. விடாதீங்க.

1884ல, இருபது வயசு கூட ஆகாத ஹார்டிங் இன்னும் ரெண்டு பேரோட கூட்டு சேர்ந்து, நொடிச்சுப் போன மேரியன் ஸ்டார் பேப்பரை 300 டாலருக்கு வாங்கறாரு. கூட்டாளிங்க கழண்டுக்கிட்டாங்க, இவர் விடல. அச்சு கோக்கற வேலை வரைக்கும் அவருக்குத் தெரியும், எழுத்து கோக்க உதவற கம்போசிங் ரூல்ங்கற சின்ன உலோகப் பட்டையை கடைசி வரைக்கும் பாக்கெட்லயே வச்சிருந்தாராம்!

வீட்டுக்குள்ள அந்த மாடிப்படிகிட்ட கொஞ்சம் நின்னு பாருங்க, 1891ல கல்யாணம் நடந்ததே அதோட அடியில தான். மனைவி ஃப்ளாரன்ஸோட அப்பா பெரிய பணக்காரர், இந்தக் கல்யாணமே வேண்டாம்னு வராம இருந்துட்டாரு. அப்புறம் கொஞ்ச நாள் ஒத்தாசைக்குனு பேப்பர் ஆபீஸ் போன அந்தம்மா 14 வருஷம் அங்கயே இருந்து, கணக்கு, வசூல், வீடு வீடா பேப்பர் போடற பசங்கன்னு எல்லாத்தையும் வரிசைக்கு கொண்டு வந்தாங்க, என்னைக் கேட்டா அந்தப் பேப்பர் நிமிர்ந்ததுக்கு பாதி காரணம் அவங்க தான். அப்படி பேப்பர் போட்ட பசங்கள்ல ஒருத்தர் நார்மன் தாமஸ், பின்னாடி சோஷலிஸ்ட் கட்சி சார்பா ஆறு தடவை பிரசிடென்ட் எலக்‌ஷன்ல நின்னவர்.

முன்னாடி இருக்கற பெரிய வட்டத் திண்ணை தான் 1920 எலக்‌ஷனோட மேடை. ஊர் ஊரா அலையாம இங்கயே நின்னு பேசினாரு, ஜனங்க ரயில் ஏறி வந்து கேட்டாங்க, ஆறு லட்சம் பேருக்கு மேலனு சொல்றாங்க. வீட்டுக்குப் பின்னாடி நிருபருங்களுக்குனே தனியா ஒரு சின்ன வீடு கட்டியிருக்காங்க, அதைத் தவறாம பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். இவரே அங்க போய் உக்காந்து, தானும் பேப்பர்காரன்ங்கற மாதிரி பேசிட்டு இருப்பாராம். பெண்களும் நாடு முழுக்க ஓட்டு போட்ட முதல் பிரசிடென்ட் எலக்‌ஷன் அது, 60 சதவீத ஓட்டு இவருக்கு.

யாரையும் பகைச்சுக்காம, ஊர்ல எல்லாரையும் அரவணைச்சு பேப்பர் நடத்தின அதே குணம் தான் வெள்ளை மாளிகைல அவரைக் கவுத்துச்சுனு எனக்குத் தோணுது. நம்பி மந்திரி ஆக்கின ஆல்பர்ட் ஃபால், கடற்படை எண்ணெய் வயல் குத்தகைக்கு லஞ்சம் வாங்கி ஜெயிலுக்கே போனாரு, ஆனா அதெல்லாம் வெளிய வெடிக்கறதுக்குள்ள 1923 ஆகஸ்ட்ல இவர் செத்துட்டாரு. அதே வருஷம் தான் பேப்பரையும் வித்திருந்தாரு.

பத்திரிகை வேலைல இருக்கறவங்க, அரசியல் பிடிக்கறவங்க கண்டிப்பா போங்க. ஹார்டிங், ஃப்ளாரன்ஸ் ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணின வெள்ளை மார்பிள் நினைவிடமும் அதே ஊர்ல தான், அதனால சாயந்திரமா போகாம காலைலயே கிளம்பிடுங்க.