ஐரோப்பா டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

5,07,150 ரூபாய். அப்பா அம்மா இருவரையும் மே மாதம் ஐரோப்பா அனுப்புவதற்காக, கோவையில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு டூர் ஏஜென்சியிடம் நவம்பரில் கட்டியது. இப்போது டூரும் இல்லை, பணமும் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. இல்லையென்றால் தலைப்பிலேயே போட்டிருப்பேன்.

தலைக்கு 2,30,000 என்றார்கள். இரண்டு பேருக்கு 4,60,000. அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகையின் மேல், வெளிநாட்டு டூர் என்பதால் டிசிஎஸ் வரி (டூர் விற்பவர் நம்மிடம் பிடித்து, நம் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது) அன்றைய கணக்குப்படி இன்னொரு 5 சதவீதம், 24,150 ரூபாய். எல்லாம் வங்கி வழியாக, ரசீதோடு.

நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. விளம்பரம் பார்த்து வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. அதைத்தான் அந்த முதலாளி முதலில் கேட்டார். "ஏம்மா, படி ஏறி வந்ததே சிரமமா இருந்திருக்குமே, சொல்லியிருந்தா நானே கீழ வந்திருப்பேனுங்களே" என்றார். பிறகு சிவப்பு மை பேனாவை எடுத்து, எங்கள் ஃபைலின் மேல் 'வீல்சேர் - எல்லா ஏர்போர்ட்டும்' என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். கூடவே தமிழ் சமையல்காரர் வருவார், ராத்திரிக்கு ரசம் சாதம் உண்டு, சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ் மலை உச்சியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம் என்றார். அம்மா அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டார். அப்பாவுக்கு ஹாலந்து துலிப் தோட்டம். "அதெல்லாம் கண்டிப்பா உண்டுங்க சார்." டூர் கிளம்பும் தேதி மே 20. அந்தத் துலிப் தோட்டத்தை, கியூகென்ஹாஃபை, மே நடுவிலேயே மூடிவிடுவார்கள் என்பது ஊரைக் கூட்டிப் போகிறவருக்குத் தெரியாதா?

அதன் பிறகு வீடே டூர் வீடானது. தெர்மல் உள்ளாடை, கனமான ஷூ, பருப்புப் பொடி, காலையில் பார்க்கில் நாலு சுற்று. மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பென்ஷன் ஆர்டர் எல்லாம் எடுத்துக் கொடுத்தோம். மார்ச்சில் கைரேகை வைக்கச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். விசா மைய வாசலில் ஏஜென்சிப் பையன் ஒருவன் ஃபைலை அப்பா கையில் திணித்து, "அப்படியே கொடுத்துடுங்க, எதையும் பிரிக்காதீங்க" என்று அனுப்பினான். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த அம்மாவின் விரல் ரேகை மிஷினில் விழவே இல்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்ப வைத்தார்கள்.

ஏப்ரலில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை, ஒரு காகிதம். வரிசையாகக் கட்டங்கள். அதில் ஒன்றில் மட்டும் டிக்: பயண நோக்கம் பற்றியும் தங்கும் ஏற்பாடு பற்றியும் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. நாற்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்த மனுஷனுக்கு அந்த வரி.

என்ன நடந்தது என்று தோண்டினேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவில் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களிடம் கொடுத்த அட்டவணையில் சுவிட்சர்லாந்து மூன்று இரவு, பாரிஸ் இரண்டு. ஆனால் பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைத்ததாம். அதற்காக பாரிஸில் நான்கு இரவு என்று வேறொரு அட்டவணை தயாரித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்த ஹோட்டலுக்கே மெயில் போட்டேன். பதில் வந்தது: புக் செய்த அன்றே ரத்து செய்யப்பட்டது. ரத்துக் கட்டணம் இல்லாத ரூமாகப் பார்த்துப் போட்டு, பிரின்ட் எடுத்துக்கொண்டு கழற்றிவிட்டார்கள். விமான டிக்கெட் என்று கொடுத்ததில் பிஎன்ஆர் மட்டும் இருந்தது, டிக்கெட் எண் இல்லை. விமான நிறுவனத்தின் தளத்தில் அடித்தால் அப்படி ஒரு பதிவே இல்லை. "குரூப் பிஎன்ஆர் அப்படித்தான் காட்டும் மேடம்" என்றார்கள். சரி, விமான நிறுவனத்துக்குக் கட்டிய முன்பண ரசீதைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை.

பணத்தைக் கேட்டதும் நாடகம் ஆரம்பித்தது. சார் மீட்டிங்கில் இருக்கார். அக்கவுண்ட்ஸ் பொண்ணு லீவு. சார் பாங்காக் குரூப்போட போயிருக்கார். அமாவாசை முடியட்டும், நல்ல நாள் பார்த்து செக் போடறோம். (கொடுக்க வேண்டிய பணத்துக்கு நல்ல நாள்!) நேரில் போனால் காபி வரும், முதலாளி வர மாட்டார். அவருடைய பேச்சு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கேட்கும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், அவ்வளவுதான். கடைசியில் ஒருநாள் பிடித்தபோது, "விசா எம்பசி முடிவு மேடம், எங்க கையில எதுவும் இல்ல. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல" என்றார். அதே முதலாளி. அம்மாவின் முட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு மெயில். விமானம், ஹோட்டல், பஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து ரத்துக் கட்டணம் 4,12,000. மீதி 95,150 ரூபாய்க்கு கிரெடிட் நோட், ஒரு வருடத்துக்குள் பாலி டூரில் கழித்துக்கொள்ளலாம். வாங்காத டிக்கெட்டுக்கு என்ன ரத்து? போடாத ரூமுக்கு என்ன ரத்து? விசா மறுத்த ஒரு காகிதம் கையில் கிடைத்தால், ஒரு பைசா செலவழிக்காமல் 5,07,150-ஐயும் அமுக்கிவிடலாம். இதுதான் இவர்கள் தொழில்.

டிசிஎஸ் கதை இன்னும் மோசம். நவம்பரில் பிடித்த வரி, ஜனவரி கடைசிக்குள் அப்பாவின் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் (நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியல்) ஏறியிருக்க வேண்டும். பிப்ரவரியில் பார்த்தபோது பூஜ்யம். "ஆடிட்டர் போடுவார்" என்றார்கள். இப்போதும் பூஜ்யம். அந்த 24,150 அரசாங்கத்துக்கே போகவில்லை. வருமான வரித் துறைக்கும் எழுதிவிட்டேன்.

பணத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தம்பி கனடாவில் இருக்கிறான், அடுத்த வருடம் அங்கே போவதாக இருந்தார்கள். அந்த விண்ணப்பத்தில் எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா என்று கேட்பார்கள். ஆமாம் என்று எழுதி, விளக்கமும் வைக்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. விசா ஃபைலை முந்தின நாளே வாங்கி ஒவ்வொரு தாளையும் பாருங்கள். 13 இலக்க டிக்கெட் எண் வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள். விசா மறுத்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டலுக்கு நீங்களே மெயில் போடுங்கள். 26ஏஎஸ் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது, அந்த ஏழாயிரத்துச் சொச்சம் தாண்டியதால் 200 ரூபாய் கட்ட வேண்டும். அதையும் கட்டுகிறேன். அதே மே 20 குரூப்பில் பணம் கட்டிவிட்டு நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே செய்தி அனுப்புங்கள். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே மனுவாகப் போட ஆணையத்திடம் அனுமதி கேட்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். ரசீதும் அவர்கள் அனுப்பிய மெயில்களும் இருந்தால் போதும்.