பாங் ரக்கில் ஏழு வருடம், அந்த நடைபாதை உட்பட

ஊரிலிருந்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "என் தம்பிக்கு பாங்காக்குக்கு மாற்றல் வந்திருக்கு. நீ இருக்கிற ஏரியாவிலேயே வீடு பார்க்கட்டுமா?" அந்தச் செய்தியைப் படிக்கும்போது நான் இடது காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, வீங்கிய கணுக்காலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வலி போகவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

பாங்காக்கின் 50 மாவட்டங்களில் பாங் ரக்கும் ஒன்று. சாவோ பிரயா ஆற்றின் கிழக்குக் கரை. இங்குள்ள சீலோம், பட்பொங் தெருக்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்கைட்ரெயின் என்கிற மேம்பால ரயில், சாத்தோன் படகுத்துறை என்று போக்குவரத்துக்குக் குறையே இல்லை. நான் வேலை செய்வது மஹேசக் சாலையில், ரத்தினக் கல் வியாபாரம். வீட்டிலிருந்து நடந்தால் 12 நிமிடம். இந்த ஏழு வருடத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது அந்த 12 நிமிடம்தான்.

நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் நடுவில் மின்கம்பம், கம்பத்திலிருந்து தலை உயரத்துக்குத் தொங்கும் கேபிள் கொத்து, அதற்கடுத்து ஒரு தள்ளுவண்டி. தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், காலைச் சாப்பாடே அவரிடம்தான். மிச்சமிருக்கும் இரண்டடியில் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் ஏறி வரும். ஹாரன்கூட அடிப்பதில்லை. சக்கரம் செருப்பை உரசும்போதுதான் தெரியும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்தக் கற்கள். பதித்த கல்லுக்கு அடியில் மணல் அரித்துப் போயிருக்கும். மேலே பார்த்தால் காய்ந்த கல்தான். மிதித்தால் ஒரு பக்கம் தாழ்ந்து, இடுக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் முழங்கால் வரை பீச்சியடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை விட்டு மூன்று நாள் ஆனாலும் அந்தத் தண்ணீர் உள்ளேயே காத்திருக்கும். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று எனக்கு மனப்பாடம். போன மாதம் ஒரு பகுதியைத் தோண்டிக் குழாய் போட்டுவிட்டு, கற்களை வேறு வரிசையில் பதித்துவிட்டார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். அங்கேதான் கால் மடங்கியது.

இத்தனைக்கும் சாலைக்காகப் பெயர் வாங்கிய இடம் இது. குதிரை வண்டி ஓட்ட ஒரு நல்ல சாலை இல்லை என்று இங்கிருந்த ஐரோப்பியர்கள் அன்றைய தாய்லாந்து மன்னர் மோங்குட்டிடம் முறையிட்டார்கள். அவர் போட்ட சரோன் குருங் சாலை 1864-ல் திறக்கப்பட்டது. பாங்காக்கின் முதல் நவீன சாலை, இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதே தெருவில் சாட்சி இருக்கிறது. நடப்பவர்களுக்காகவும் யாராவது கேட்க வேண்டும்.

சரி, ஏன் ஏழு வருடம் இருந்தேன்?

சீலோமும் பான் சாலையும் சேரும் முனையில் மாரியம்மன் கோவில். இங்கே குடியேறிய தமிழர்கள் 1879-ல் கட்டியது. தாய் மக்களுக்கு அது 'வாட் கேக்', அதாவது இந்தியர் கோவில். நம்மை விட அவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். வந்த புதிதில், கோவில் வாசலில் மாலை கட்டும் அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். இதழை நீக்கிவிட்டு, நடுவில் கிரீடம் மாதிரி இருக்கும் பகுதியை மட்டும் நீள ஊசியில் கோர்த்துக்கொண்டிருந்தார். எருக்கம்பூ! எங்கள் ஊரில் பிள்ளையாருக்கு மட்டும் போடுவது, இங்கே மல்லிகையோடு எல்லாச் சாமிக்கும் போகிறது. பெயர் கேட்டேன். "ரக்" என்றார். காதலுக்கும் தாய் மொழியில் அதே சொல், அதே எழுத்து. அதனால்தான் காதலர் தினத்தன்று திருமணப் பதிவுக்கு பாங் ரக் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் முண்டியடிக்கிறது. மாவட்டத்தின் பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு இந்த ஊர் எருக்கம்பூவின் ஊர்தான். அன்றிலிருந்து அது அந்நிய ஊராகத் தோன்றியதில்லை.

அப்புறம் மாலையில் ஆறு. படகில் பத்து நிமிடம் போய்த் திரும்பினால் அன்றைய அலுப்பு போய்விடும். சரோன் குருங்கில் ராத்திரி கிடைக்கும் 'ஜோக்' என்கிற அரிசிக் கஞ்சி அடிப்பிடித்த வாசனையோடு சூடாக வரும். காய்ச்சல் வந்தால் அது போதும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் பதில்: தம்பி இங்கே வீடு எடுக்க வேண்டாம். அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இந்த நடைபாதையில் நூறு மீட்டர் போக முடியாது. ஓன் நுட் பக்கம் பார்க்கட்டும், அதே ஸ்கைட்ரெயின் கம்பெனிதான், வாடகையும் குறையும்.

விஜயதசமிக்கு மட்டும் குடும்பத்தோடு வந்து என் வீட்டில் தங்கட்டும். அன்று ராத்திரி சீலோமில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஓரமெல்லாம் சாமந்தி அலங்காரப் பந்தல், தேங்காய், வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கானவர்கள், நடுவில் அம்மன் ஊர்வலம். குழந்தையை இறக்கிவிட்டு, நடு ரோட்டிலேயே நடக்கலாம்.