கியோட்டோவில் 'சைவ' கைசெகி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் சைவம் சாப்பிடுபவர்களை ஜப்பானுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன அக்டோபரில் அம்மாவுடன் கியோட்டோ போயிருந்தேன். ஒரு வேளையாவது முறையான கைசெகி, அதாவது சின்னச் சின்ன உணவுகளை ஒவ்வொன்றாக வரிசையாகப் பரிமாறும் ஜப்பானிய விருந்து, சாப்பிட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. கியோன் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் கடை, பெயர் வேண்டாம். முன்பதிவுத் தளத்தில் ஆளுக்கு 22,000 யென், சைவமும் உண்டு என்று போட்டிருந்தது. அதை மட்டும் நம்பாமல் தனியாக எழுதியும் கேட்டேன்: மீன், இறைச்சி கூடாது, கட்சுவோபுஷி போட்ட தாஷியும் கூடாது, கொம்பு என்கிற கடற்பாசித் தாஷி மட்டும்தான். முடியும் என்று பதில் வந்தது.

தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிச்சாறு. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி இறுகக் காயவைத்துச் சீவினால் அதுதான் கட்சுவோபுஷி. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இரண்டாவதாக ஹஸ்ஸுன் வந்தது. ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் சதுரத் தட்டு. என் தட்டில் ஏழெட்டு வகை. அம்மா தட்டில் பாதி கஷ்கொட்டை, ஒரு துண்டு எள் டோஃபு, குச்சியில் கோத்த இரண்டு ஜின்கோ கொட்டை. மீதி இடத்தை ஒரு மேப்பிள் இலை நிரப்பியது. விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்புறம் தோபின்முஷி. உள்ளங்கைக்குள் அடங்கும் மண் கெட்டில், மேலே சின்னக் கிண்ணம். சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்க வேண்டும். உள்ளே மட்சுடாகே காளான். அம்மா ஒரு வாய் வைத்தார், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னலே, மாசி வாடை அடிக்கு?"

அம்மா தூத்துக்குடியில் வளர்ந்தவர். சாப்பிட்டதில்லையே தவிர, பக்கத்து வீட்டு அடுக்களையிலிருந்து வரும் அந்த வாடை அவருக்கு அத்துபடி.

பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். மீனை எடுத்துவிட்டோம் என்றார். சாறு? கட்சுவோதான், கொஞ்சமாகத்தான் என்றார், சிரித்த முகம் மாறாமல். தாஷியை மீனாகவே எண்ணாதவர்கள் அங்கே நிறைய, தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எழுத்தில் கேட்டு, எழுத்தில் ஒப்புக்கொண்ட விஷயம் இது. கடைசியில் அம்மா சாப்பிட்டது வெறும் சோறும் ஊதா நிறக் கத்தரிக்காய் ஊறுகாயும்.

பில் இன்னொரு கதை. நடுவில் "மட்சுடாகே?" என்று கேட்டபோது, விருந்தில் அடங்கியது என்று நினைத்துத் தலையாட்டியிருந்தேன். அதற்கு ஆளுக்கு 3,300 யென் கூடுதலாம். அதன் மேல் சேவைக் கட்டணம் 15 சதவீதம், அதற்கும் மேல் வரி 10 சதவீதம். 44,000 என்று நினைத்துப் போனது 64,009 யென்னில் நின்றது. வரியையும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து அங்கே கட்டாயம். தளத்தில் எனக்குக் காட்டியது வரி சேராத விலை. புகார் எழுதினேன். உணவு விருப்பங்களை இயன்றவரைதான் கவனிக்க முடியும் என்று பதில் வந்தது, பணம் வரவில்லை.

போகிறவர்கள் சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். நடுவில் எதையாவது காட்டிக் கேட்டால், விலை தெரியாமல் தலையாட்டாதீர்கள். சைவம்தான் முக்கியம் என்றால் கைசெகியையே விட்டுவிட்டு ஷோஜின் ரியோரி தேடுங்கள். அது பௌத்த மடங்களின் சமையல், சாறு கொம்பிலும் ஷிடாகே காளானிலும் எடுப்பது. அரஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெட்சு என்ற இடம் இருக்கிறது, மதியம் மட்டும். இரண்டு நாள் கழித்து அங்கே போனோம். சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் எல்லாம் வந்தது. அம்மா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார்.